நல்ல கால்

துறைமுக அலுவலகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியில் அவருக்கு இரண்டு பெயர். முகத்துக்கு நேராக மாஸ்டர். முதுகுக்குப் பின்னால் கொக்கு. நெடுநெடுவென்ற உயரமும் முன்னால் நீண்ட கழுத்தும் ஒரு காரணம். இன்னொன்று, பயிற்சிக்கு வந்த யாரையும் அவர் இரண்டு காலில் நிற்க விட்டதில்லை.

பந்து போடச் சொல்லித்தருவது, யார் எங்கே நிற்பது என்று வகுப்பது எல்லாம் கோச்சின் பாடு. கொக்கின் பொறுப்பு கால்கள் மட்டும். கூடைக்கு ஓடி எம்புகிறவள் ஒரு காலில்தான் எம்புகிறாள், பெரும்பாலும் ஒரு காலில்தான் இறங்குகிறாள், மறிக்கிறவளை ஏமாற்றித் திரும்பும்போதும் உடம்பு முழுவதும் ஒரு காலில்தான் இருக்கிறது, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உட்கார்ந்து எழுந்து என்ன பிரயோசனம் என்பது அவருடைய கேள்வி. "மேட்ச்ல ரெண்டு கால்ல நிக்கிறது தேசியகீதம் பாடும்போது மட்டும்தான்" என்பார். புதிதாக வந்தவர்கள் சிரிப்பார்கள். பழையவர்கள் ஏற்கெனவே ஒரு காலில் நின்றுகொண்டிருப்பார்கள்.

சரக்குக் கிடங்கு ஒன்றை ஆடுகளமாக மாற்றியிருந்தார்கள். மேலே தகரம், கீழே பலகை. ஒரே தரையில் மூன்று ஆட்டங்களுக்கான கோடுகள், மூன்று நிறங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஓடும். ஓரத்தில் ஒரு நீளப் பெஞ்சு, மூன்று அளவில் மரப்பெட்டிகள், மணல் தைத்த பைகள். பின்னங்காலைப் பெஞ்சில் போட்டு, மணல் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முன்னங்காலில் இறங்கி ஏற வேண்டும். பெட்டி மேல் ஒற்றைக்காலில் நின்று, மற்ற காலின் குதிகால் தரையைத் தொடும் வரை மெதுவாக இறங்க வேண்டும். இதெல்லாம் தேறியவர்களுக்குத்தான் தாவல். ஒற்றைக்காலில் எம்பிப் பெட்டி மேல், ஒற்றைக்காலில் பக்கவாட்டில், இறங்கிய இடத்தில் சிலைபோல நிற்க வேண்டும். இறங்கும்போது சத்தம் வரக் கூடாது. முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. அவர் வாழ்நாளில் அதிகம் சொன்ன வாக்கியம் "முட்டி உள்ள போகுது" என்பதாகத்தான் இருக்கும். கல்யாண வீட்டில் படியிறங்கி வந்த மணப்பெண்ணைப் பார்த்தும் அதையே சொன்னதாக அவர் மனைவி சொல்வாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி இருந்தது. பலவீனமான கால்தான் முதலில் செய்யும். அது எத்தனை செய்கிறதோ அத்தனைதான் பலமான காலுக்கும். அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. மெலிந்தவன் சாப்பிட்ட அளவுதான் தடியனுக்கும் பரிமாறப்படும் என்று அதை விளக்குவார்.

விதிக்கு ஒரு பூர்வகதை உண்டு. கிரேன் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் அவர் துறைமுக ஆண்கள் அணியில் ஆடியவர். எம்பிவிட்டு அடுத்தவன் பாதத்தின் மேல் இறங்கினார், முட்டி போயிற்று. கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நொண்டிக்கொண்டே பட்டறைக்குப் போய்வந்ததில் நல்ல கால் எல்லாப் பாரத்தையும் தன் தலையில் போட்டுக்கொண்டு கடைசியில் அதுவும் கெட்டது. இன்றைக்கும் மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்குவார், நண்டு போல. பலமானது முந்திக்கொண்டால் இரண்டும் நாசம் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறைகள், லிஃப்ட் இல்லை. மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். எழுத்து தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வருவாள். கண் தெரியாதவர்களோடு கடையில் மாரடிப்பது போதாதென்று வீட்டிலும் அதே கதி என்று சலித்துக்கொள்வாள். அப்போதெல்லாம் அது கேலி.

முன்னறை சோபாவில் மனைவியின் தங்கை படுத்துக்கொள்வாள். சின்னவள் என்றுதான் வீட்டில் பேச்சு. அப்பா அம்மா போன பிறகு பள்ளிக்கூடப் பையோடு வந்தவள். கொக்கு தினமும் ஆடுகளத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்ததில் பந்து பிடித்துக்கொண்டது. வளர்ந்து அந்த அணிக்கே ஆடினாள், அதன் பேரில் துறைமுக அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. லாரிகளுக்கு நுழைவுச் சீட்டு போடும் பிரிவில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு நாற்காலி. ஆனால் அந்த நாற்காலி இன்னும் அவளுடையதாக ஆகவில்லை. துறைமுகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடிய பிறகுதான் நிரந்தரம். அதுவரை தற்காலிகம். வீட்டில் அத்தான், ஆடுகளத்தில் மாஸ்டர் என்று அவளே ஒரு எல்லை வகுத்துக்கொண்டிருந்தாள். வாய் தவறி அங்கே ஒருமுறை அத்தான் என்று கூப்பிட்டதற்கு அணி முழுவதும் ஒரு மாதம் அவரை அத்தான் என்று கூப்பிட்டது.

அந்தப் போட்டிக்கு முன்பே அவளுடைய இடது முட்டி போயிற்று. சாதாரணப் பயிற்சிதான். ஓடிவந்து எம்பிப் பந்தைப் போட்டுவிட்டு இறங்கினாள், முட்டி உள்ளே போயிற்று. கொக்கு பார்த்துக்கொண்டுதான் இருந்தார். சொல்வதற்கு வாய் திறக்கும் முன்பே முடிந்துவிட்டது.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவளைத் தேற்றும் பொறுப்பை வேறு யாருக்கும் அவர் விடவில்லை. காலையில் வீட்டில், மாலையில் ஆடுகளத்தில். முதல் வாரங்களில் படுத்தபடி காலைத் தூக்கவே அவளுக்குக் கண்ணீர் முட்டும். பிறகு சமையலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மடக்கி நிமிர்த்தினாள். பிறகு மிகச் சிறிய பெட்டியில் ஏறி இறங்கினாள். இடது கால் செய்த சொற்பத்தைத்தான் வலது காலும் செய்தது. அக்காள் கொஞ்சம் தாராளம் காட்டச் சொல்லிப் பார்த்தாள். அவர் அசையவில்லை.

"அத்தான், இந்தக் கால் என்ன பாவம் பண்ணுச்சு? இதையாவது நல்லா செய்ய விடுங்களேன்" என்று ஒருநாள் கேட்டாள் சின்னவள்.

"அது வரிசையில நிக்கட்டும்" என்றார்.

அடுத்த போட்டி நெருங்கியது. அவள் ஆடத் தகுதியா என்று சோதித்துச் சொல்ல வேண்டியவர் கொக்குதான். தேறவில்லை என்றாலும் வேலைக்கு உடனே ஆபத்து இல்லை. உடம்பு இன்னும் தயாராகவில்லை என்று மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் தற்காலிகம் இன்னொரு வருடம் நீளும். அலுவலகத்தில் அப்படித்தான் வழக்கம். அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சோதனை எளிமையானது. கோட்டில் ஒரு காலில் நின்று, முடிந்த மட்டும் முன்னால் தாண்டி, அதே காலில் இறங்கி ஆடாமல் நிற்க வேண்டும். பிறகு மற்ற கால். கெட்ட கால் நல்ல காலை ஏறத்தாழ எட்டிவிட்டால் தேறியாயிற்று. இதில் ஒரு திருட்டு உண்டு, காயப்பட்ட ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த திருட்டு. கெட்ட காலால் கூடுதலாகத் தாண்ட முடியாது, ஆனால் நல்ல காலால் குறைத்துத் தாண்டலாம். இரண்டும் சமமாகிவிடும். அவரிடமே இரண்டு பேர் செய்து மாட்டியிருக்கிறார்கள்.

அன்று விளையாட்டு அதிகாரி வந்திருந்தார். கோச், ஆட்டக்காரர்கள், தேநீர் கொண்டுவந்தவர் உட்பட ஒரு கூட்டம். மச்சினிக்கு மாஸ்டர் எப்படியும் பாஸ் போட்டுவிடுவார் என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது, அது அவர் காதிலும் விழுந்திருந்தது. மற்றவர்களுக்குச் செய்வதைவிட ஒரு பிடி இறுக்கமாகவே செய்வது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் அவர் டேப்பைப் பிரித்தார்.

இடது காலால் தாண்டினாள். சத்தமில்லாமல் இறங்கினாள், முட்டி நேராக நின்றது. வலது காலால் தாண்டினாள். டேப்பில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கோச் கைதட்டினார்.

கொக்கு டேப்பைப் பார்க்கவில்லை. தரையில் இறகுப்பந்துக்காகப் போட்ட மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காயத்துக்கு முன்னால் அவள் வலது கால் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இறங்கியதே இல்லை. இப்போது அதற்கு ஒரு பாதம் முன்னாலேயே நின்றுவிட்டது.

இன்னொரு முறை தாண்டச் சொன்னார். அதே இடம். மறுபடியும் சொன்னார். மறுபடியும் அதே இடம். அவள் முகம் சிவந்துவிட்டது.

"முழுசாத் தாண்டு."

"முழுசாத்தான் தாண்டறேன் மாஸ்டர்."

"நல்ல கால அடக்கிக்கிறா சார்" என்று அதிகாரியிடம் திரும்பிச் சொன்னார். "ஏமாத்தறா."

அந்த இடத்தில் அவள் இன்னும் தேறவில்லை என்று மட்டும் அவர் சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. மஞ்சள் கோட்டைத் தொடாத இரண்டு கால்களை வைத்துக்கொண்டு அவள் போட்டியில் ஆடியிருக்கக் கூடாது. ஆனால் அவர் சொன்னது வேறு. அதிகாரிக்கு அது வசதியாகவும் இருந்தது, அந்த நாற்காலிக்கு அவர் கையில் வேறொரு ஆள் தயாராக இருந்தார். உடம்பு முடியாதவர்களுக்குக் காத்திருக்கலாம், ஏமாற்றுகிறவர்களுக்கு எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார். சின்னவள் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வெளியே போனாள்.

மறுவாரம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வேறொருவர் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் முடிந்திருக்கும். மனைவி தங்கையைத் தனியாக உட்கார வைத்து, நிஜமாகவே முழுசாகத்தான் தாண்டினாயா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். கேட்டதுதான் தப்பு. சின்னவள் எழுந்துபோய்த் துணிமணிகளை எடுத்து வைத்தாள். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில் இடம் பிடித்துக்கொண்டாள். சோபா அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. மனைவி அதை யாருக்கோ கொடுத்துவிட்டாள். அதன் பிறகு கேஸ் தீர்ந்தது, தண்ணீர் வரவில்லை, சாவி எங்கே என்ற அளவில் பேச்சு நின்றது.

சின்னவள் வேறொரு பயிற்சியாளரிடம் போனாள். ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை வேலை கிடைத்தது, சம்பளம் பாதிதான். அடுத்த வருடம் ஒரு கிளப் அணிக்கு ஆட ஆரம்பித்தாள். முட்டி தாங்கியது. அதற்கடுத்த வருடமும் தாங்கியது.

கொக்கு அந்த ஆட்டங்களுக்குப் போனார். வாசலுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார். பந்து எங்கே இருக்கிறது, யார் எத்தனை புள்ளி என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அவள் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இடது காலை மட்டும் பார்ப்பார். அவள் ஓரிரு முறை அவர் இருந்த பக்கம் பார்த்தாள். ஒருமுறை லேசாகத் தலையசைத்ததுபோல இருந்தது.

ஒரு ஆட்டத்தில் எம்பியவளை எதிரணிக்காரி இடித்தாள். சின்னவள் கோணலாக இறங்கி விழுந்தாள். கொக்கு எழுந்து நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் பயந்துவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். அவள் எழுந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினாள். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான், எழுந்து நின்றபோது தன் நெஞ்சில் இருந்தது என்ன என்று அவருக்கே தெரிந்தது. பயம் இல்லை அது. முட்டி போனால் தன் தீர்ப்பு சரி என்றாகும் என்ற எதிர்பார்ப்பு.

வீட்டுக்கு வந்து அவள் விழுந்ததைச் சொன்னார். மனைவி தட்டை வைத்தாள்.

"முட்டி போச்சா?"

"இல்ல. எழுந்துட்டா."

"சே. வீணாப் போச்சு ஒரு சாயங்காலம்."

மனைவி குழம்பை ஊற்றினாள். போதும் என்று அவர் கை காட்டிய பிறகும் ஊற்றினாள்.

பிறகு ஏணியின் விவகாரம் வந்தது. ஏணி அணியிலேயே உயரமானவள், வாயும் அதற்கேற்ற நீளம். அவளுக்கும் முட்டியில் அறுவை நடந்தது, அவளையும் கொக்குதான் தேற்றினார். அதே பெட்டி, அதே பெஞ்சு, அதே விதி. அவள் காயம்படுவதற்கு முன்னால் இரண்டு காலும் தாண்டும் தூரத்தை அளந்து பக்கத்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தார். சின்னவள் விஷயத்துக்குப் பிறகு எல்லோருக்கும் அப்படிச் செய்தார், இனி யாரும் தன்னை ஏய்க்க முடியாது என்பதற்காக.

சோதனை நாளில் ஏணி தாண்டினாள். கெட்ட காலும் நல்ல காலும் ஒரே இடத்தில் இறங்கின. நல்ல கால் பழைய கோட்டுக்கு வெகு முன்னாலேயே நின்றது. கொக்கு இடுப்பில் கைவைத்துக்கொண்டு, அடக்காதே, முழுசாகத் தாண்டு என்றார். அவள் தாண்டினாள். அதே இடம். இன்னொரு தடவை என்றார்.

ஏணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வேலை எப்போதோ நிரந்தரமாகிவிட்டது, யாருக்கும் பயப்படத் தேவையில்லை.

"மாஸ்டர், நாப்பது தடவை சொன்னாலும் இவ்வளவுதான். இத்தன மாசம் நல்ல காலையும் சேத்துப் பட்டினி போட்டுட்டு இப்ப வந்து தாண்டு தாண்டுன்னா அது எதை வச்சுத் தாண்டும்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். கொக்கும் சிரிப்பதற்கு உதட்டை விரித்தார். அது பாதியில் நின்றது. அன்று பயிற்சியை அத்தோடு முடித்துக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் போன பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நல்ல உடம்புக்கு அந்த விதி சரி. இரண்டு காலும் ஓடியாடிக்கொண்டிருக்கும்போது பலமானது சற்றுக் காத்திருப்பதில் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் ஒரு கால் படுத்துக்கிடக்கும் மாதங்களில் மற்றதையும் அதோடு படுக்கவைத்தால் அது தேய்ந்துதான் போகும். தேய்ந்த இரண்டும் டேப்பில் சமமாக நிற்கும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஏணிக்கே புரிந்திருக்கிறது.

சின்னவள் அன்று முழுசாகத்தான் தாண்டியிருக்கிறாள்.

மறுநாள் விளையாட்டு அதிகாரியின் அறைக்குப் போனார். ஆள் மாறியிருந்தார். புதியவர் நாற்காலி கொடுத்து முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு, அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று விசாரித்தார். ஆசிரியை என்றதும் அவர் முகம் தெளிந்தது. நல்லபடியாகத்தானே இருக்கிறாள், இதில் இனி நாம் செய்ய என்ன இருக்கிறது என்றார்.

அன்றைக்கு மனைவியிடம் சொன்னார். வெகுநாளைக்குப் பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, கோபப்படவும் இல்லை. தானும் ஒரு தடவை கேட்டுத் தொலைத்த கேள்விதான் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நாளைக்கே போய்ச் சின்னவளிடம் சொல்லப்போவதாக அவர் சொன்னபோதுதான் நிமிர்ந்தாள்.

"வேண்டாம். அவ உங்கள மன்னிச்சாச்சு. எதுக்கு, எப்படின்னு எங்கிட்ட கேக்காதீங்க. மன்னிச்சாச்சு. அதுல போய்க் கை வைக்காதீங்க."

மன்னிப்பு அவருக்குப் போதவில்லை. தவறு எங்கே நடந்தது என்று அவருக்குப் பிடிபட்டிருந்தது. பிடிபட்டதைச் சொல்லாமல் வைத்திருக்க அவரால் முடியவில்லை.

பள்ளிக்கூட மைதானம் சிமெண்ட் தரை. வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். சின்னவள் பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகத்தில் ஆச்சரியம் வந்தது, அதோடு கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. அக்காளுக்கு எதுவும் இல்லையே என்று கேட்டாள். உட்காரச் சொல்லிப் படிக்கட்டைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தார். விதியில் எங்கே பிசகு, நல்ல கால் ஏன் தேய்ந்தது, டேப் ஏன் சமமாகக் காட்டியது, ஏணி என்ன சொன்னாள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். ஆடுகளத்தில் விளக்குகிற அதே குரல். நடுவில் தன் வலது காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கியும் காட்டினார்.

"அதனால நீ அன்னிக்கு ஏமாத்தலைன்னு இப்ப எனக்குத் தெரிஞ்சிடுச்சு" என்று முடித்தார்.

அவள் வலைப்பையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் ஏமாத்தலைன்னு எனக்குத் தெரியுமே அத்தான்" என்றாள். "எனக்கு இது ஒரு சேதியா?"

அவள் அவரைப் பார்க்காமல் மெதுவாகப் பேசினாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறாள். அன்று வீட்டுக்குப் போனதுமே அவருக்கு உண்மை தெரிந்திருக்கும், வாய்விட்டுச் சொல்ல வரவில்லை, அதனால்தான் இப்படி வந்து வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாளாம். அக்காளிடமும் அப்படித்தான் சொன்னாளாம், அக்கா பதில் எதுவும் சொல்லவில்லையாம்.

பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப நேத்து வரைக்கும் நான் ஏமாத்துக்காரின்னுதான் நெனச்சிட்டு இருந்தீங்களா?"

நேற்று இல்லை, முந்தாநாள் வரை என்று திருத்தத்தான் அவருக்கு முதலில் தோன்றியது. சொல்லவில்லை.

"அப்ப மேட்சுக்கு எதுக்கு வந்தீங்க?"

அவர் பார்வை தாழ்ந்தது. அவள் காத்திருந்தாள். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவளின் காத்திருப்பு அது. கொஞ்ச நேரத்தில் அவள் பார்வை அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்துக்கு இறங்கியது. அவர் அவளுடைய இடது முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் வலைப்பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கட்டடத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.